தானியப் பயிரில் சத்துக் குறை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

பயிர் வெளிறினால் உடனே யூரியா என்பது பலருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. நெல், கோதுமை, மக்காச்சோளம், சோளம், கம்பு எதுவானாலும் மஞ்சளுக்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் யூரியா மருந்து. துத்தநாகக் குறையோடு நிற்கும் நெல்லுக்கு யூரியாவை வீசினால் இலை பெருகும். இருக்கிற கொஞ்சத் துத்தநாகம் அத்தனை இலைக்கும் பங்காகி, குறை இன்னும் முற்றும். வேர் அழுகிய வயலில் வீசினால் உறிஞ்ச வேரே இருக்காது. மூட்டையைப் பிரிக்கும் முன் இலை, வயல், வேர், மண் நான்கையும் பார்த்துவிடுங்கள்.

நுண்ணூட்டக் (துத்தநாகம், இரும்பு போல மிகச் சிறிதளவே தேவைப்படும் சத்துகளின்) குறைகளில் பெரும்பாலும் அந்தச் சத்து மண்ணில் இருக்கவே செய்யும். வேருக்கு எட்டாமல் பூட்டிக் கிடக்கும். பூட்டுவது கார அமில நிலை, தேங்கிய நீர், அளவு மீறிப் போட்ட வேறொரு உரம் ஆகியவற்றில் ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் சத்தை மட்டும் மேலே கொட்டினால் அதுவும் அதே பூட்டுக்குள் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

எந்த இலையில் தொடங்கியது என்பதுதான் முதல் கேள்வி. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம்பெயரும். பற்றாக்குறை வந்ததும் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பும்; அதனால் அடி இலைதான் முதலில் வாடும். இரும்பு, மாங்கனீசு, தாமிரம், போரான், கால்சியம் ஆகியவை ஒருமுறை இலையில் அமர்ந்தால் நகராது. இவை குறைந்தால் புது இலை கெடும், அடி இலை பச்சையாகவே நிற்கும். கந்தகமும் ஏறத்தாழ இந்தக் கூட்டம்தான். துத்தநாகம் இரண்டுக்கும் நடுவில்: நெல்லில் அடி, நடு இலைகளில் புள்ளியாகவும், மக்காச்சோளத்தில் குருத்தை ஒட்டிய இலைகளில் வெண்பட்டையாகவும் வெளிப்படும்.

இலை முழுக்கக் காய்ந்தபின் பார்த்தால் எல்லாக் குறையும் ஒரே மாதிரிதான் தெரியும். குறை தொடங்கும் நிலையில் இருக்கும் செடியைத் தேடிப் பிடியுங்கள். மோசமான பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் இடையிலுள்ள எல்லையில் அது கிடைக்கும்.

அடுத்து, வரப்பில் நின்று வயலை முழுதாகப் பாருங்கள். சத்துக் குறை வயல் முழுக்கப் பரவலாக இருக்கும், அல்லது மேடு, பள்ளம், மண் மாறும் இடம் என்று நிலத்தின் போக்கையே பின்பற்றும். நேர்கோட்டுப் பட்டைகளாக இருந்தால் உரம் விழாமல் போன இடமோ களைக்கொல்லி இரட்டையாக விழுந்த இடமோ என்று சந்தேகிக்கலாம். நேற்று ஒரு திட்டாக இருந்தது இன்று பக்கத்துக்கும் பரவினால் அது பூச்சியோ நோயோதான்.

மூன்றாவது, வேர். மண்வெட்டியால் மண்கட்டியோடு தோண்டி எடுத்து நீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் நல்ல வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். நீர் நிற்கும் நெல் வயலில் பழைய வேர் செம்பழுப்புப் பூச்சோடு இருப்பது இயல்பு, புது வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு. அங்கே முதல் வேலை நீரை வடிப்பது. வேர் குட்டையாக, தடித்து, பக்க வேர் இல்லாமல் இருந்தால் அமில மண்ணில் கரையும் அலுமினியம் காரணமாக இருக்கலாம். முடிச்சு இருந்தால் நூற்புழு. தண்டையும் நீளவாக்கில் பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக மண்ணின் பி.எச்., அதாவது கார அமில அளவு. இது தெரியாமல் நுண்ணூட்டம் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 7.5-ஐத் தாண்டினால் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு மீது சந்தேகம் வையுங்கள். 5.5-க்குக் கீழே போனால் மணிச்சத்து, கால்சியம், மெக்னீசியம் குறையும். அலுமினியமும் இரும்பும் நஞ்சாகும்.

அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகிறது, செடி முழுக்க வெளிர்ந்திருக்கிறது

இது தழைச்சத்துக் குறை. மக்காச்சோளத்தில் மஞ்சள் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கும், ஓரம் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும். நெல்லிலும் கோதுமையிலும் தூர் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கத் தண்டுகள்) குறையும், இலை குறுகும்.

நெல்லில் கண்ணளவில் முடிவு செய்யாமல் இலை வண்ண அட்டையை (வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட அட்டை) வைத்துப் பாருங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் உடல் நிழல் இலைமேல் விழும்படி நில்லுங்கள். வெயில் நேரே பட்டால் இலை வெளிறித் தெரிந்து தேவையில்லாமல் உரம் போட வைக்கும். பத்தில் ஆறு இலை 4-ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் (இயல்பாகவே வெளிர்நிற இலை கொண்ட ரகங்களுக்கு 3) எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து இடலாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் இது எக்டேருக்கு 65 கிலோ, ஏக்கருக்கு 26 கிலோ.

போட்டும் பச்சை ஏறவில்லை என்றால் உரம் எங்கே போனது என்று தேட வேண்டும். நெல்லில் பெரிய இழப்பு அம்மோனியாவாகக் காற்றில் போவதுதான். பகலில் பாசி வளர்ந்த தேங்கு நீரின் பி.எச். ஏறும், அந்த நீரில் வீசிய யூரியா சில நாட்களில் ஆவியாகிவிடும். நீரை வடித்துச் சேறாக இருக்கும்போது இட்டு, மறுநாள் நீர் கட்டினால் சத்து மண்ணுக்குள் இறங்கும். மக்காச்சோளத்தில் நிலைமை வேறு. மழையில் இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே நைட்ரேட் வடிவிலுள்ள தழைச்சத்து வாயுவாகப் போய்விடும், மணற்பாங்கான நிலத்தில் கீழே இறங்கிவிடும். நீர் வடிந்து புது வேர் வெளிவந்த பிறகே மேலுரம்.

வைக்கோலை மடக்கி உழுத வயலில் முதல் இரண்டு மூன்று வாரம் பயிர் மஞ்சளாக நின்றால் அது வேறு கதை. காய்ந்த வைக்கோலில் கரிமம் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே மடக்கி ஈரம் காத்தால் இந்தச் சிக்கல் வராது.

பூத்த பிறகு தழைச்சத்து இட்டால் தூரோ மணி எண்ணிக்கையோ கூடாது, புரதம் சற்று ஏறும், அவ்வளவே. கோதுமையில் அதற்கு மதிப்பு உண்டு. நெல்லில் அந்தச் செலவு வேண்டாம். அளவு மீறினால் இலை கரும்பச்சையாகித் தொங்கும், குலை நோயும் புகையான் பூச்சியும் கூடும், மணி கனத்ததும் பயிர் சாயும்.

வெளிர்ந்திருக்கிறது, ஆனால் குருத்துதான் அதிக மஞ்சள்

கந்தகக் குறை. தழைச்சத்துக் குறையோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் வயல்களில் மிகவும் அடிக்கடி நடக்கும் தவறு. யூரியா போட்டும் மஞ்சள் தெளியவில்லை, அடி இலையைவிடப் புது இலை வெளிர் என்றால் கந்தகத்தை நினையுங்கள். நெல்லின் இளம் பருவத்தில் செடி முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து ஏமாற்றும்.

காரணம் பெரும்பாலும் உரப்பையை மாற்றியதுதான். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு 11 சதவீதம் அளவுக்குக் கந்தகமும் கூடவே போய்க்கொண்டிருந்தது. டி.ஏ.பி.யிலும் (டை அமோனியம் பாஸ்பேட்) யூரியாவிலும் கந்தகம் இல்லை. மணற்பாங்கான, மட்கு குறைந்த நிலங்களில் சில ஆண்டுகளில் குறை தெரியத் தொடங்கும். நிற்கும் பயிருக்கு அமோனியம் சல்பேட் மிக விரைவான தீர்வு: அதில் தழைச்சத்து 21, கந்தகம் 24 சதவீதம். எக்டேருக்கு 100 கிலோ போதும். அடுத்த பயிருக்கு அடியுரத்தில் எக்டேருக்கு 200 கிலோ ஜிப்சம் சேர்த்தால் 30 கிலோவுக்குக் குறையாமல் கந்தகம் கிடைக்கும். தூள் கந்தகத்தை நிற்கும் பயிரில் போடாதீர்கள். பாக்டீரியா அதைச் சல்பேட்டாக மாற்ற வாரக்கணக்கில் ஆகும்.

குட்டை, கரும்பச்சை, தூர் இல்லை, இலை ஊதா

மணிச்சத்துக் குறை. மஞ்சள் இல்லாததால் பலர் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. நெல்லில் இலை குறுகி நிமிர்ந்து, கரும்பச்சையாக, தூர் கட்டாமல் அப்படியே நிற்கும், முதிர்ச்சி தள்ளிப்போகும். இளம் மக்காச்சோளத்தில் அடி இலை ஓரமும் தண்டும் ஊதா நிறமாகும்.

ஊதா நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாக நகரும், மண்ணில் சத்து இருந்தும் இலை ஊதாவாகும். மண் சூடேறியதும் புது இலை பச்சையாக வரும். சில ஒட்டு ரகங்களுக்கு இயல்பே ஊதா. வளர்ச்சி குறையாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மணிச்சத்து மண்ணில் நடக்காது. போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர்தான் நகரும், வேர்தான் அதைத் தேடி வர வேண்டும். முளைத்த முதல் சில வாரங்களில் வேர் சிறியதாக இருக்கும்போதே இதன் தேவை அவசரம். அதனால்தான் முழு அளவையும் அடியுரமாக, விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. கீழே இடச் சொல்கிறோம். டி.ஏ.பி. விதையைத் தொட்டால் அதிலிருந்து எழும் அம்மோனியா முளையைக் கருக்கும். தூர் கட்டும் பருவம் கடந்தபின் மேலே தூவினால் அந்தப் பயிருக்கு அநேகமாகப் பயனில்லை. 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துத் தெளித்தால் ஓரளவு தாங்கும். இழந்த தூரைத் திரும்பத் தராது.

பி.எச். 6 முதல் 7 வரை இருக்கும்போது மணிச்சத்து நன்றாகக் கிடைக்கும். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். நீர் கட்டிய நெல்லில் இரும்பு பாஸ்பேட் கரைந்து சத்து வெளிவரும். அதே நிலத்தில் அடுத்துப் புஞ்சைத் தானியம் வைக்கும்போது மண் காய்ந்து மீண்டும் பூட்டிக்கொள்ளும். நெல்லுக்கு இந்த நிலத்தில் மணிச்சத்தே தேவைப்படவில்லை என்று சொல்பவர் அடுத்துப் போடும் கோதுமையில் அடிவாங்குவது இதனால்தான்.

அடி இலையின் ஓரமும் நுனியும் கருகுகின்றன

சாம்பல் சத்து. மஞ்சளும் கருகலும் நுனியில் தொடங்கி ஓரம் வழியாக இறங்கும், நடு நரம்பை ஒட்டிய பகுதி பச்சையாக இருக்கும். தழைச்சத்துக் குறையில் இது நேரெதிர்: நடுவில் மஞ்சள், ஓரத்தில் பச்சை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தாலே மக்காச்சோளத்தில் பாதிச் சந்தேகம் தீரும். நெல்லில் கூடவே இலையில் துருநிறப் புள்ளிகள் வரும், தண்டு மெலிந்து சாயும், மணி நிரம்பாது.

வைக்கோலையும் தட்டையையும் வயலிலிருந்து அகற்றும் இடங்களில் இது நிச்சயம் வரும். நெல் வைக்கோலில் 1.2 முதல் 1.7 சதவீதம் வரை பொட்டாசியம் உண்டு. எக்டேருக்கு 5 டன் வைக்கோலை ஏற்றி அனுப்பினால் 60 முதல் 85 கிலோ பொட்டாசியம் அதோடு போகிறது. நெல் மணியில் போவது அதைவிட மிகக் குறைவு. பாதி வைக்கோலையாவது நிலத்தில் விடுவதுதான் நிலையான தீர்வு. உடனடித் தேவைக்கு எக்டேருக்கு 50 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 30 கிலோ சாம்பல் சத்தை (பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில்) தரும். கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்துக்குள் இட வேண்டும். மணல் நிலத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வறட்சியிலும் இதே கருகல் தெரியும், ஏனென்றால் காய்ந்த மண்ணில் பொட்டாசியம் வேரிடம் வந்து சேராது. உவர் நிலத்திலும் நுனி கருகும். மண் மேல் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனை அளந்துவிட்டு மறு யோசனை. மண் கரைசலில் நெல் ஏறத்தாழ மீட்டருக்கு 3 டெசி சைமன், கோதுமை 6, வாற்கோதுமை 8 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், மக்காச்சோளம் 1.7 தாண்டினாலே குறையத் தொடங்கும். உவர் நிலத்துக்கு மியூரியேட் இன்னும் உப்பைச் சேர்க்கும், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது.

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் நெல் அப்படியே நின்றுவிட்டது, இலையில் துருப்புள்ளி

நெல்லில் மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படும் அறிகுறி இதுதான். பூஞ்சை நோய் என்று மருந்து அடிப்பவர்கள் இன்றும் உண்டு. இந்தியாவில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் 'கைரா நோய்' என்று அழைக்கப்பட்டது உண்மையில் துத்தநாகக் குறை என்று 1966-இல் பந்த்நகரில் பயிர் நோயியல் அறிஞர் ஒய்.எல். நேனே காட்டினார். அதற்குமுன் அதை நோயாகவே எண்ணினார்கள்.

கிட்டப் போய்ப் பாருங்கள். இளம் இலையின் அடிப்பகுதியில் நடு நரம்பு வெளிறியிருக்கும். கீழ் இலைகளில் முதலில் சிறு பழுப்புப் புள்ளி, பிறகு அவை சேர்ந்து துருநிறத் தழும்பு. இலை விறைப்பு இழந்து நீர்மேல் படுத்து மிதக்கும். வயலில் சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக, பெரும்பாலும் நீர் நெடுநாள் நின்ற பள்ளத்திலும், சமன்படுத்தும்போது மேல்மண் வழித்த இடத்திலும் தெரியும்.

குழப்பும் இரண்டு உண்டு. இரும்பு நஞ்சாதலிலும் பழுப்புப் புள்ளி வரும், ஆனால் அது அடி இலை நுனியிலிருந்து கீழே இறங்கும். மண் அமிலமாக இருக்கும். வேர் கரும்பழுப்பாகக் கனத்த பூச்சோடு இருக்கும், நீர்மேல் எண்ணெய் போன்ற துருப் படலம் மிதக்கும். துத்தநாகக் குறை பெரும்பாலும் கார மண்ணில். மற்றொன்று துங்ரோ என்ற வைரஸ் நோய்: இலை ஆரஞ்சு மஞ்சளாகும், பச்சைத் தத்துப்பூச்சி இருக்கும், வாரத்துக்கு வாரம் பரவும்.

துத்தநாகம் என்று தெளிவானதும் செய்ய வேண்டியவை:

1. இரண்டு மூன்று நாள் நீரை வடித்து மண்ணுக்குக் காற்று விடுங்கள். நீர் நிற்க நிற்கத் துத்தநாகம் கரையாத வடிவுக்கு மாறும். மிதமான குறையில் இதுவே பாதித் தீர்வு.
2. எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மணலோடு கலந்து சேற்றின்மேல் சீராகத் தூவுங்கள். இந்த 25 கிலோ, 21 சதவீதத் துத்தநாகமுள்ள ஹெப்டாஹைட்ரேட்டுக்கு. பையில் 33 சதவீத மோனோஹைட்ரேட் என்றிருந்தால் 16 கிலோ போதும்.
3. திட்டுகள் மோசமாக இருந்தால் 0.5 சதவீதத் தெளிப்பு: 10 லிட்டருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிநீர். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை.
4. துருப்புள்ளி நின்று புது இலை தெளிவாக வந்த பிறகே தழைச்சத்து மேலுரம்.

துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடோ வேறு மணிச்சத்து உரத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். கரைசல் இரண்டையும் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள், கெட்டியான வெள்ளை வீழ்படிவு உடனே அடியில் சேரும். மண்ணிலும் அதேதான் நடக்கிறது. வாங்கிய சரக்கைச் சோதிக்கவும் இது உதவும்: துத்தநாக சல்பேட் என்று மெக்னீசியம் சல்பேட்டை விற்றிருந்தால் அப்படிக் கெட்டியாகத் திரளாது.

ஒருமுறை மண்ணில் இட்டது இரண்டு மூன்று பயிருக்கு வரும். ஆண்டுதோறும் பழக்கமாகக் கொட்ட வேண்டியதில்லை. பல வயல்களில் செடி ஆறு எட்டு வாரத்தில் தானாகவே தேறும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது, தூர் கட்டும் நாட்கள் அதற்குள் போய்விடும், அறுவடையும் தள்ளிப்போகும்.

இலையில் நீளக் கோடுகள்

மக்காச்சோளத்திலும் சோளத்திலும் கோடு என்றதும் எந்த இலை, எவ்வளவு அகலம் என்று இரண்டும் கேளுங்கள். குருத்தை ஒட்டிய இலையில், அடிப்பகுதியில் தொடங்கி நடு நரம்புக்கு இருபுறமும் அகலமான வெண்மஞ்சள் பட்டை, ஓரமும் நரம்பும் பச்சை, கணுக்கள் நெருங்கியிருக்கின்றன என்றால் துத்தநாகம். குருத்து இலை முழு நீளத்துக்கும் மெல்லிய, கூர்மையான மஞ்சள் கோடுகளும் பச்சை நரம்புகளும் மாறி மாறி இருந்தால் இரும்பு. அடி இலையில் நரம்பிடை வெளிறி, மணி கோத்தது போல் பச்சைத் துளிகள் நின்றால் மெக்னீசியம். அமில மணல் நிலத்திலும், சாம்பல் சத்து அளவு மீறிய இடத்திலும் வரும். 1 சதவீத மெக்னீசியம் சல்பேட் தெளிப்பு நிற்கும் பயிரைத் தாங்கும். நிலத்துக்கு மெக்னீசியம் கலந்த டோலமைட் சுண்ணாம்பு.

நாற்றங்காலில் குருத்து வெண்மையாகிறது

இரும்புக் குறை. உலர் நாற்றங்காலிலும், சுண்ணாம்பு மண்ணில் வளரும் சோளத்திலும், நேரடி விதைப்பு நெல்லிலும் அதிகம். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, சிவப்பே அதனால்தான். ஆனால் பி.எச். ஒரு படி ஏறினால் கரையும் பெர்ரிக் (ஆக்சிஜன் ஏறிய) இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரியும். புல் இனப் பயிர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: வேர்நுனி வழியாக இரும்பைப் பற்றி இழுக்கும் கரிமப் பொருளை மண்ணில் சுரக்கும். வாற்கோதுமை இதில் கெட்டி, கோதுமை அடுத்து, மக்காச்சோளமும் சோளமும் குறைவு, நெல் கடைசி. ஒரே மண்ணில் கோதுமை பச்சையாகவும் நெல் வெண்மையாகவும் நிற்பதற்கு இதுவே காரணம்.

உறுதிசெய்ய எளிய வழி உண்டு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, ஒட்டும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, வெளிறிய குருத்திலையின் நடு நரம்புக்கு ஒரு பக்கம் மட்டும் தூரிகையால் தடவுங்கள். மறுபக்கத்தை விட்டுவிட்டு, அந்தச் செடியில் நூல் கட்டி வையுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் தடவிய பக்கம் மட்டும் பச்சை பிடித்தால் சந்தேகமே இல்லை. மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவற்றையும் தனித்தனி இலையில் இப்படித் தடவிப் பார்க்கலாம். ஆய்வக முடிவு வருவதற்குள் விடை கையில் இருக்கும்.

தெளிக்கும்போது 10 லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதியும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும். அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியது ஆக்சிஜன் ஏறிப் பயனற்றுப்போனது. மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளியுங்கள், ஏனென்றால் இரும்பு இலைக்கு இலை நகராது, புதிதாக வரும் இலை மீண்டும் வெண்மையாகவே வரும். சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியை நேரே தூவுவது வீண், சில நாளில் துருவாகிவிடும். நெல்லாக இருந்தால் நீர் கட்டுவதே மருந்து. காற்றில்லாச் சேற்றில் இரும்பு தானே கரையும்.

கோதுமையில் புது இலை மாறாட்டம்

நெல்லுக்குப் பின் மணல் நிலத்தில் வரும் கோதுமையில் இளம், நடு இலைகளின் நரம்பிடையில் சாம்பல் மஞ்சள் கீற்றுகள் தெரிந்தால் மாங்கனீசு. நெல்லின் தேங்கு நீரில் அது கரைந்து கீழே போய்விட்டது. மண்ணில் இடுவதைவிட 0.5 சதவீத மாங்கனீசு சல்பேட் தெளிப்பே பலன் தரும், முதல் பாசனத்துக்குச் சில நாள் முன்பே தொடங்கி, வாரம் ஒன்றாக மூன்று முறை. புது இலை நுனி வெண்மையாகி முறுக்கிக்கொண்டால் தாமிரம். மட்கு மிக அதிகமான மண்ணிலும் வெளிறிய மணலிலும் வரும். எக்டேருக்கு 5 முதல் 10 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்) பல ஆண்டுக்குப் போதும்.

பயிர் நன்றாக இருந்தது, கதிர் மட்டும் பதர்

முதலில் தண்டைப் பிடித்து இழுங்கள். வெண்கதிர் சுலபமாகக் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான். வராவிட்டால், பூக்கும் வாரத்தில் கடும் வெப்பமோ குளிரோ இருந்ததா என்று பாருங்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் நெல்லின் மகரந்தம் கெடத் தொடங்கும். அதுவும் இல்லை என்றால்தான் சத்து.

கோதுமையில் போரான் குறை இலையில் ஒன்றும் காட்டாமலே மகரந்தத்தைக் கெடுக்கும். பூ விரிந்து நிற்கும், ஒளியில் பிடித்தால் கதிர் ஊடுருவித் தெரியும், உள்ளே மணி இருக்காது. பதரானபின் அந்தப் பயிருக்கு மருந்து கிடையாது. அடுத்த விதைப்பில் எக்டேருக்கு 5 முதல் 10 கிலோ போராக்ஸ் நிலம் முழுக்கப் பரவும்படி இடுங்கள். விதைச்சாலில் போடக் கூடாது. குறைக்கும் நஞ்சுக்கும் இடையே போரானில் இடைவெளி மிகக் குறுகியது, இரட்டிப்பு அளவு போட்டுப் பார்ப்போம் என்ற துணிச்சல் இங்கே வேண்டாம். தாமிரக் குறையிலும் இதே பதர் வரும், புது இலை நுனி முறுக்கியிருப்பதை வைத்துப் பிரித்தறியலாம்.

உரம் இட்டும் அசைவே இல்லை

எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலின் எல்லை என்று 1828-இலேயே ஜெர்மானிய வேளாண் அறிஞர் கார்ல் ஸ்பிரெங்கல் எழுதினார். வேதியியலாளர் லீபிக் அதைப் பரவலாக்கினார். நீங்கள் தீர்த்தது இரண்டாவது குறையாக இருக்கலாம். ஒரு டன் நெல் விளைய ஏறத்தாழ 15 கிலோ நைட்ரஜன், 2.6 கிலோ பாஸ்பரஸ், 15 கிலோ பொட்டாசியம் செடிக்குள் போக வேண்டும். உங்கள் கடைசி மூன்று அறுவடையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எது கடனில் ஓடுகிறது என்று தெரியும்.

இல்லாவிட்டால் குறை வேரில் இருக்கிறது: உழவுத்தட்டின் கெட்டி அடுக்கு, அமிலம், நூற்புழு, நீர்த்தேக்கம். அப்போது எந்தப் பையும் உதவாது. எந்தத் தெளிப்பையும் தொடங்கும்போது வயலில் ஐந்தடிப் பட்டை ஒன்றைத் தெளிக்காமல் விட்டு வையுங்கள். பயிர் தேறியது மருந்தாலா மழையாலா என்பதை அந்தப் பட்டை மட்டுமே சொல்லும்.

மண் மாதிரி எடுக்கும்போது

மோசமான திட்டு, நல்ல பகுதி இரண்டிலும் தனித்தனியாக எடுங்கள். ஒன்றாகக் கலந்தால் சராசரிதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது. ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஒரு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல், புதிதாக உரம் விழுந்த இடம் தவிர்க்கவும். நுண்ணூட்டம் பார்ப்பதாக இருந்தால் துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது, முடிவு பொய்யாகிவிடும். பிளாஸ்டிக் வாளி, மூங்கில் அல்லது எவர்சில்வர் கரண்டி போதும். நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி நீக்கி அரை கிலோவாக்குங்கள்.

முடிவு வந்ததும் துத்தநாகம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், இரும்பு 4.5, தாமிரம் 0.2 ஆகிய டி.டி.பி.ஏ. (மண்ணிலிருந்து நுண்ணூட்டத்தைக் கரைத்தெடுத்து அளக்கும் ஆய்வக முறை) அளவுகளுக்கும், போரான் வெந்நீர் முறையில் 0.5-க்கும், கந்தகம் 10-க்கும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் எண்ணை வைத்து மட்டும் உரம் வாங்காதீர்கள். இலையில் தெரிந்ததும், பி.எச்.சும், இந்த எண்ணும் ஒரே திசையைக் காட்டினால் வாங்கலாம். முரண்பட்டால் மேலே சொன்ன தூரிகைச் சோதனையை இன்னும் மூன்று செடிகளில் செய்துவிட்டு முடிவெடுங்கள்.